மூக்கக்கா தட்டிய கதவு

துறைமுகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசல் காவலரிலிருந்து கிரேன் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பை மூக்கு. தோளில் விஷவாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று தொங்கும். அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயை கப்பலின் மூலை முடுக்கெல்லாம் நீட்டிக்கொண்டு நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கும், அதனால் வந்த பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. போனை எடுத்தால், "மூக்கக்கா பேசறேன், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள்.

எங்கள் கம்பெனி வேலை இதுதான். கப்பலில் தானியம் ஏற்றினால் பூச்சியும் கூடவே டிக்கெட் இல்லாமல் ஏறும். அதைக் கொல்ல, கப்பல் வயிற்றில் கொட்டிய தானியத்துக்குள் மாத்திரைகளைப் புதைப்போம். பிறகு இரும்பு மூடிகளைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மண்டை ஓடு போட்ட பலகையை மாட்டிவிடுவோம். மாத்திரை உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல வாயுவாகும். கப்பல் அக்கரை போய்ச் சேர்வதற்குள் பூச்சி காலி. சாப்பிடுகிற தானியம்தான், ஆனால் மருந்து போட்ட நிமிஷத்திலிருந்து அது ஆபத்தான சரக்கு. அந்த வாயுவுக்குப் பூச்சி வேறு, மனுஷன் வேறு என்று தெரியாது.

மாத்திரை போடுவது என் கோஷ்டி. எங்களுக்குப் பின்னால் அக்கா வருவாள். மாலுமிகள் தூங்கும் அறை, சமையலறை, சாப்பாட்டு அறை, இன்ஜின் பக்கம் என்று ஒன்று விடாமல் குழாயை நீட்டுவாள். எல்லா இடத்திலும் சைபர் என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் கப்பல் கிளம்பும். அவள் சொல்லாவிட்டால் கேப்டன் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது.

அந்த வாயுவுக்குப் பூண்டு வாசனை. அழுகிய மீன் வாசனை என்று சொல்கிறவர்களும் உண்டு. சில நேரம் வாசனையே வராது, ஆளை மட்டும் சாய்த்துவிடும். ஆகவே வேலைக்குச் சேரும் யாருக்கும் முதலில் சொல்வது, மூக்கை நம்பாதே, மீட்டரை நம்பு.

அவளுக்கு மூக்கக்கா என்று பெயர் வைத்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த வாசனை அவளை விட்டுப் போனதே இல்லை.

அவளுக்கு ஒரே தம்பி. கப்பலில் பரிமாறும் வேலை, அதாவது மாலுமிகளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்து, தட்டு கழுவி, மேஜை துடைக்கிற வேலை. அப்போது அக்கா ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கப்பல் என்றால் தம்பி அனுப்பும் போட்டோதான் அவளுக்கு. ஒரு மத்தியானம் நடுக்கடலிலிருந்து அவன் போன் பண்ணினான். கப்பல் போன் அவன் அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம்.

"அக்கா, வயித்தப் புரட்டுது. தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. நெஞ்சு வேற பிடிச்சாப்ல இருக்கு."

"கண்டதைத் தின்னிருப்ப."

"சமைக்கிறதே நாங்கதானே, கண்டது எங்கேர்ந்து வரும்?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"சரி சரி. வெந்நீர் குடி. கதவை நல்லாச் சாத்திட்டு இழுத்துப் போர்த்திப் படு. யாரும் எழுப்பக் கூடாதுன்னு சொல்லிடு. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"சரிக்கா" என்றான்.

அவன் எழுந்திருக்கவில்லை. கப்பல் வயிற்றிலிருந்து வந்த வாயு, துருப்பிடித்த ஏதோ ஒரு ஓட்டை வழியாக ஏறி அவன் இருந்த பக்கம் புகுந்திருக்கிறது. சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்றுதான் கப்பலில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து நாளில் உடல் வந்தது. அவன் பை தனியாக வந்தது. பையைத் திறந்தபோது சட்டைகளில் லேசாகப் பூண்டு வாசனை இருந்ததாக அக்கா சொல்வாள். நிஜமாகவே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நாள் அது துணியில் தங்குமா என்பதே சந்தேகம். அவள் எல்லாவற்றையும் அலசி, வெயிலில் காயப் போட்டு, மறுபடி அலசினாள். வாசனை போகவில்லை. பிறகு அலமாரியில் வந்தது, தலையணையில் வந்தது, மகளின் தலைமுடியில் வந்தது. மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

ஜவுளிக்கடையை விட்டுவிட்டு அவள் எங்கள் கம்பெனியில் வந்து நின்றபோது முதலாளி யோசித்தார். பெண்பிள்ளை ஏணி ஏறுவாளா என்று. அவள் ஏறினாள். பயிற்சிக்கு அனுப்பினார்கள், பரீட்சை எழுதினாள், தேறினாள். தம்பியைப் பற்றி அங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம் சொன்னதே, சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து, ஒரு மழைநாளில் கப்பலை விட்டு இறங்க முடியாமல் ஒண்டிக்கொண்டு நின்றபோதுதான். அப்போதும் போனில் தான் சொன்னதைச் சொல்லவில்லை. "தம்பி ஒருத்தன் இருந்தான். வாயுவுல போயிட்டான்" என்று முடித்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. துறைமுகத்தில் இளைய வயதுக்காரன் எவனைப் பார்த்தாலும் தம்பி என்பதுதான் எல்லோருக்கும் வாய்ப்பழக்கம். அவள் வாயில் மட்டும் அந்தச் சொல் வராது. என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் என்னை "ஏம்ப்பா" என்பாள். கேன்டீனில் டீ கொண்டுவருகிறவனை "ராசா" என்பாள். தடுக்கி விழப்போகிறவனைப் பார்த்துக் கத்தினால்கூட "யப்பா, பார்த்து!" என்பாள்.

வீட்டிலும் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அங்கே எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. வாசல் கதவை மட்டும் திருட்டுக்குப் பயந்து பூட்டுவார்கள், அதுவும் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு. உள் கதவு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல். மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சாத்தினால் செங்கல் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். "அம்மா, நான் என்ன கப்பல் சரக்கா?" என்று அந்தப் பெண் ஒருநாள் கத்தியிருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். "ஊர்ல தச்சன் எல்லாம் நம்ம வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போறான்" என்பார். சொல்லிவிட்டு, நகர்ந்திருந்த செங்கலைக் காலால் தள்ளி அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை.

ஒவ்வொரு கப்பலிலும் மீட்டர் சைபர் காட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்பாள்.

"ஏம்ப்பா, உனக்கு வருதா?"

"இல்லக்கா."

தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். அவளுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மீட்டரைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், இரண்டையும் நம்பி மூக்கை ஒதுக்கிவிடுவாள். பொய் வாசனையோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டவள்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பழைய கப்பல் வந்தது. வண்ணம் மட்டும் புதிது. அதன் அடியில் துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். நாங்கள் விடியற்காலையிலேயே மாத்திரை போட்டு மூடியாயிற்று. வாயு ஊற நேரம் கொடுத்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்போது அக்கா மீட்டரோடு உள்ளே நுழைந்தாள். நானும் முகமூடிகளையும் உபரி மீட்டரையும் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். கப்பலின் சீஃப் ஆபீசர் முன்னால் கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டே போனார். மரியாதைக்காரர்தான், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சமையலறை சைபர். சாப்பாட்டு அறை சைபர். மேல்தளத்து அறைகள் எல்லாம் சைபர்.

அக்கா நடுவில் நின்றுவிட்டாள். குழாயைச் சுருட்டி, பேட்டரியைச் சரிபார்த்தாள். பம்ப் இழுக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது மீட்டரை என்னிடமிருந்து வாங்கி அதையும் போட்டுப் பார்த்தாள். அதுவும் சைபர்.

"என்னக்கா?"

"எனக்கு வரலப்பா."

"எது?"

"அந்த வாசனை. ஏறினதுலேர்ந்து வரல."

"நல்லதுதானே?"

அவள் குழாயை மறுபடி நீட்டினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. வருஷக்கணக்காகக் கூடவே வந்த ஒன்று திடீரென்று விலகி நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. யாரோ காதருகில் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள்.

கீழ்த்தளத்தில் குறுகலான நடை. இரண்டு பக்கமும் அறைகள். எல்லாம் திறந்து பார்த்தாயிற்று. கடைசி அறை மட்டும் சாத்தியிருந்தது.

"அது வேண்டாம்" என்றார் ஆபீசர். "ராத்திரி டியூட்டி பார்த்தவர் தூங்கறார். வயிறு சரியில்ல, தலைவலின்னார். எழுப்ப வேண்டாம்னு சொல்லிட்டுப் படுத்திருக்கார். நடையில சைபர்தானே காட்டுது?"

நடையில் சைபர்தான். நானே பார்த்தேன்.

அக்கா கதவின் முன்னால் நின்றாள். ஆபீசர் பேசிக்கொண்டிருந்தார். அவள் காதில் அது விழவில்லை என்று தெரிந்தது. கையை உயர்த்தி ஒரு தட்டு தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு அடித்தாள். அவள் குரல் அந்த மாதிரி வந்து நான் கேட்டதே இல்லை.

"தம்பி! கதவைத் திற! தம்பி! தூங்காத, எழுந்திரு! தம்பி!"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளிருந்து சத்தமே இல்லை.

"சாவி" என்றேன். அவர் அதற்குள் இடுப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

கதவு கையளவு திறந்ததும் அக்கா குழாயை உள்ளே நீட்டினாள். மீட்டர் அலறியது. ஆபீசர் உள்ளே பாயப் போனார். அவள் தோளால் மோதி அவரைச் சுவரோடு தள்ளினாள். "முகமூடி இல்லாம ஒருத்தரும் போகக் கூடாது!" அந்தக் குரலில் சற்று முன் கத்தியவள் இல்லை, வேலை தெரிந்தவள்தான் இருந்தாள். நடையை விட்டு எல்லோரையும் வெளியே ஓடச் சொன்னாள். நாங்கள் இருவரும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். கட்டிலில் ஒரு ஆள் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். தலைமாட்டில் வாந்தி. நான் தோளைப் பிடித்தேன், அவள் காலைப் பிடித்தாள். ஆள் நல்ல கனம். படியில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுவந்து காற்றில் கிடத்தினோம்.

மூச்சு இருந்தது.

ஆக்சிஜன் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும், எந்த வாயு, மீட்டர் எவ்வளவு காட்டியது என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை அக்கா ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினாள். மற்ற மாலுமிகளையும் கரைக்கு இறக்கினார்கள். பழைய மின்கம்பிக் குழாய் ஒன்று சரக்கு அறையிலிருந்து ஏறி, அந்தக் கட்டிலுக்கு அடியில் வாய் பிளந்து நின்றது. யாரும் அதை அடைக்கவில்லை. கப்பல் அன்று கிளம்பவில்லை. குழாயை அடைத்து, எல்லாவற்றையும் மறுபடி சோதித்த பிறகுதான் போனது.

நான் அவளைப் பார்த்தேன். தளத்தில் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஒரு உசிரைக் காப்பாத்திட்டீங்க" என்றேன். அவள் தன் கை முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் அடித்ததில் தோல் உரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே இருந்தாள், பெண் பார்க்கப் போகிற மாதிரி. தூக்கிவந்த அவசரத்தில் ஆளின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை, தம்பி வயதில் ஒருவனை எதிர்பார்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் கட்டிலில் இருந்தவர் வழுக்கைத் தலை, அவளைவிட வயதில் பெரியவர், பெரிய மீசை. பிழைத்துக்கொண்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைத் தூக்கிட்டு வர்றப்ப வாயில பல்செட் இருந்துதா, பார்த்தீங்களா? புதுசு" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா? ஆள் நல்லாத்தானே இருக்கார்?"

"ஒரு தட்டுதாம்ப்பா" என்றாள். "சாவி போட்டா திறந்துக்குது. அவ்வளவுதான். இது இவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியாதுப்பா."

அப்போதுதான் அந்தப் போன் பேச்சை முழுவதும் என்னிடம் சொன்னாள். கதவைச் சாத்து, போர்த்திப் படு, யாரையும் எழுப்ப விடாதே. மூன்றையும் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். இத்தனை வருஷம், தான் என்ன சொல்லியிருந்தாலும் அவன் போயிருப்பான் என்று ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த நினைப்பு அந்தப் பழைய கப்பலில் உடைந்துபோயிற்று. ஒருவரைக் காப்பாற்றினால் மனசு அடங்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. கண்ணை மூடினால் கை தானாகத் தட்டும்.

அந்த வாரம் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாராம்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு எனக்கு லீவு. நான் அடுப்படியில தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். நீ போன்ல பேசினது கேட்டுது."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதை நான் சொன்னா நீ கேப்பியா?"

அவள் கேட்டிருக்கமாட்டாள்தான். ஆனால் இத்தனை வருஷமும் அந்த மனுஷன் தெரிந்துகொண்டேதான் செங்கலைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது, என்னவோ பண்ணியது என்றாள்.

தம்பியோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு பழைய மாலுமி. அவன் இறந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். கப்பல் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரிலேயே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்துக்குக் காவல் இருந்தார். அக்காவுக்கு அது எப்போதோ தெரியும். அந்தத் தெரு வழியாகப் பஸ் போனால் இறங்கிவிட்டு வேறு பஸ் பிடிப்பாளாம். இப்போது, "வர்றியாப்பா, தனியாப் போகக் கால் வரல" என்றாள்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அதே ஜாடை" என்றார். "எப்பவாவது வருவீங்கன்னு நினைச்சேன்."

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க போய்ப் பார்த்தப்ப கதவு சாத்தியிருந்துதா?"

ஒரு கார் உள்ளே வந்தது. அவர் போய் வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, கார் போனதும் திரும்பக் கட்டிவிட்டு வந்தார். அவ்வளவு நேரமும் அக்கா நின்ற இடத்தில் நின்றாள்.

"திறந்துதாம்மா இருந்துது" என்றார். "அவன் என்னைக்குக் கதவைச் சாத்தினான்? புழுக்கம் தாங்க மாட்டான். செருப்பை முட்டுக் கொடுத்து வெச்சிருந்தான்."

"என்ன செருப்பு?"

"நீலம். ரப்பர் செருப்பு."

"தன்னை எழுப்ப வேண்டாம்னு சொன்னானா?"

"அவனா? என் தூக்கத்தைக் கெடுத்து, அக்காகிட்டப் பேசினேன்னு பெருமையடிச்சுட்டுத்தான் படுத்தான். வாயு நடையிலயும் இருந்துதும்மா. டியூட்டி முடிச்சு வந்து பார்த்த எனக்கே தலை சுத்தி, வெளிய போய் விழுந்துட்டேன். திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும்..." முடிக்காமல் விட்டுவிட்டார். பேசும்போது அவளை நேராகத்தான் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் நிறுத்தம் நெருங்கியபோது கேட்டாள். "நிஜமாச் சொன்னாராப்பா?"

பொய் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. "தெரியலக்கா" என்றேன்.

"பையில செருப்பே வரல" என்றாள். பிறகு, "அவருக்கும்தான் யோசிக்க இத்தனை வருஷம் இருந்திருக்கு" என்றாள்.

மூக்கக்கா இன்றும் வேலைக்கு வருகிறாள். எங்கள் கம்பெனியில் இப்போது தூங்குகிறவர் அறையையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. வாசனை சில கப்பல்களில் வருகிறது, சில கப்பல்களில் வருவதில்லை. வராத நாட்களில்தான் அவள் எல்லா அறைகளையும் இரண்டு முறை பார்க்கிறாள். அந்த நாட்களில் நானும் பேச்சுக் கொடுக்காமல் பின்னால் நடப்பேன்.

மாதத்தில் ஒருநாள் அந்தக் காவல்காரரைப் பார்த்துவிட்டு வருகிறாள். மறுபடி எதுவும் கேட்பதில்லை. பழமோ பிஸ்கட்டோ கொடுத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள். அவராகத்தான் அந்த மத்தியானத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கதவு திறந்திருந்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். முட்டுக் கொடுத்த பொருள் மட்டும் நிலையாக இருப்பதில்லை. ஒருமுறை பழுப்புச் செருப்பு என்றார், ஒருமுறை மடித்த அட்டைப்பெட்டி என்றார். போன மாதம் நானும் போயிருந்தேன். கதவில் ஒரு துண்டைக் கட்டி இழுத்து வைத்திருந்தான் என்று கையால் கட்டிக் காட்டினார்.

அக்கா குனிந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிச்சு எந்தப் பக்கம் இருந்துதுங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்.